சுவரில் பிறந்த ஓவியன் ஜங்கர் சிங் ஷ்யாம்



நம்ம திருப்பூரில் டிசைன் என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் கழியுமா? பிரிண்டிங் பட்டறையில் டேபிள் மேல் துணியை விரித்து, ஸ்கிரீனை வைத்து மையை இழுத்தால் ஒரு பூ விழுகிறது, ஒரு புலி விழுகிறது. அந்தப் பூவை முதலில் வரைந்த கை யாருடையது என்று நாம் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கத் தோன்றும்படி வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரின் கதை இது. ஓவியக் கல்லூரியின் வாசற்படியைக்கூட மிதிக்காத ஒரு பழங்குடி இளைஞர். பெயர் ஜங்கர் சிங் ஷ்யாம்.

பாட்டுக்காரர் பரம்பரை

மத்தியப் பிரதேசத்தில் அன்றைய மண்டலா மாவட்டம், இன்றைய டிண்டோரி மாவட்டம். அங்கே காடு சூழ்ந்த பாட்டன்கர் என்ற சிற்றூரில் 1962-ல் பிறந்தார். கோண்டு இனத்தில் பர்தான் என்ற பிரிவு அவருடையது. பர்தான்களின் தொழில் பாட்டு. பானா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டி, கோண்டு அரசர்களின் வம்சக் கதையையும் படா தேவ் என்ற பெருந்தெய்வத்தின் புகழையும் வீடு வீடாகப் பாடுவார்கள். கேட்டவர்கள் தானியமும் மாடும் கொடுப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், எழுத்தில் இல்லாத ஒரு ராஜ்ஜியத்தின் சரித்திரத்தை வாயிலேயே வைத்துக் காப்பாற்றியவர்கள்.

அந்த ராஜ்ஜியம் சாமானியமானதல்ல. கர்ஹா-மண்டலா நாட்டின் ராணி துர்காவதி 1564-ல் அக்பரின் படையோடு மோதி, போர்க்களத்திலேயே உயிர் விட்டவள். பின்னால் மராட்டியர் வந்தார்கள், அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். 1878-ம் ஆண்டு வனச் சட்டம் காட்டின் மேல் சர்க்காரின் பிடியை இறுக்கியது. கோண்டு மக்கள் ஏழையானார்கள். கொடுத்தவன் கையே காலியான பிறகு பாடுகிறவனுக்கு யார் கொடுப்பது? பாட்டுக்காரர்கள் கூலிக்காரர்கள் ஆனார்கள்.

ஜங்கரும் அப்படித்தான். வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டார், மாடு மேய்த்தார், கூலி வேலைக்குப் போனார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அவர்கள் வீடுகளில் தரையிலும் சுவரிலும் திக்னா என்ற கோலம் போடுவது பெண்களின் வழக்கம். நம்ம வாசல் கோலம் மாதிரிதான். அந்தக் கோலத்தையும், சுவரில் மண்ணால் உருவம் புடைக்கச் செய்யும் வேலையையும் பார்த்துப் பார்த்தே ஜங்கர் கற்றுக்கொண்டார். சொல்லிக் கொடுக்க வாத்தியார் என்று யாரும் இல்லை.

போபாலுக்கு வந்த பயணம்

1981-ல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பு ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர், பெரிய ஓவியர். கிராமம் கிராமமாகப் போய்ப் பழங்குடிக் கலைகளைத் தேடி வர இளைஞர்களை அனுப்பினார். பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த அனுமார் ஓவியம் அவர்கள் கண்ணில் பட்டது. வரைந்தவர் ஜங்கர். வயது இருபதுகூட ஆகியிருக்காது!

போபாலில் காகிதம் கிடைத்தது, போஸ்டர் கலர் கிடைத்தது, பேனாவும் மையும் கிடைத்தன. பாரத் பவனின் அச்சுக்கலைப் பிரிவில் வேலையும் கிடைத்தது. அங்கே ஸ்கிரீன் பிரிண்டிங்கும் செய்தார். ஆமாம், நம்ம ஊரு பட்டறைகளில் செய்கிற அதே தொழில்தான்!

அதுவரை அவர் குலதெய்வங்களுக்கு உருவம் என்று ஒன்று கிடையாது. பாட்டில் மட்டுமே வாழ்ந்தார்கள். ஜங்கர்தான் அவர்களைக் காகிதத்தில் இறக்கினார். கொம்பு கிளையாக விரியும் மான், வலையோடு சிலந்தி, பாம்பு, பறவை, மரம். ஒவ்வோர் உருவத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான புள்ளிகளும் சின்னச் சின்னக் கோடுகளும். பாட்டன்மார் வாயால் சொன்ன கதையை இவர் புள்ளியால் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1986-ல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான் விருது. 1989-ல் பாரிஸில் உலகக் கலைஞர்கள் நூறு பேர் கலந்துகொண்ட பெரிய கண்காட்சி. அதே கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு ஊரைச் சேர்ந்த ஆதிகுடி ஓவியர்கள் தரையிலே ஓவியம் அமைத்தார்கள். கடல் கடந்த இரண்டு கூட்டத்துக்கும் நிலம் கைவிட்டுப் போன சரித்திரம் உண்டு. இரண்டு கூட்டத்தின் கையிலும் புள்ளி உண்டு.

அதைவிடப் பெரிய சேதி ஒன்று. 1996-ல் கட்டி முடிந்த போபால் சட்டசபைக் கட்டடத்தின் சுவரில் ஜங்கர் பிரம்மாண்டமாக வரைந்தார். ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்தவர்களின் பாட்டுக்காரப் பரம்பரையில் வந்தவர், சட்டம் போடுகிற மண்டபத்திலேயே தன் காட்டையும் தெய்வங்களையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்!

தான் மட்டும் முன்னேறினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. உறவுக்காரப் பிள்ளைகளைப் போபாலுக்கு வரவழைத்து, வீட்டில் தங்கவைத்துத் தொழில் பழக்கினார். அந்தப் பாணிக்கே ஜங்கர் கலம் என்று பெயர் வந்தது. கலம் என்றால் இந்தியில் எழுதுகோல்.

ஜப்பானில் முடிந்த வாழ்வு

2001-ல் ஜப்பான் போனார். நீகாடா மாகாணத்தில் தோகாமாச்சி என்ற இடத்தில் உள்ள மிதிலா மியூசியத்தில் தங்கி ஓவியம் வரையும் வேலை. குடும்பம் போபாலில். பேச ஆள் இல்லாத ஊர். திரும்பி வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. வரவில்லை. அந்த ஜூலை மாதம் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதுகூட நிறையவில்லை.

நாட்டின் ஓவியர்கள் பலர் அப்போது கேள்வி எழுப்பினார்கள். என்ன ஒப்பந்தத்தில் போனார்? என்ன சம்பளம்? வரைந்த படங்கள் யாருக்குச் சொந்தம்? பட்டணத்து ஓவியனுக்குக் கிடைக்கும் மரியாதை காட்டிலிருந்து வந்தவனுக்கு ஏன் இல்லை? அவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, 2010-ல், நியூயார்க் ஏலத்தில் அவருடைய சிலந்தி ஓவியம் 31,250 டாலருக்குப் போனது. பார்க்க அவர் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

அவர் போட்ட விதை வீண்போகவில்லை. போபாலில் இரவுக் காவல் வேலை பார்த்த மருமகன் பஜ்ஜு ஷ்யாமைக் கைதூக்கி விட்டவர் ஜங்கர்தான். பஜ்ஜு லண்டனைக் கோண்டு ஓவியமாக வரைந்த புத்தகத்தை 2004-ல் நம்ம சென்னை தாரா பதிப்பகம் கொண்டுவந்தது. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ. ஜங்கரின் உறவினர்களான துர்காபாய், சுபாஷ் வியாம் தம்பதி டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையையே இந்தப் பாணியில் வரைந்தார்கள். பீமாயணம் என்ற அந்த நூல் 2011-ல் வந்தது. ராஜாக்களைப் பாடிய பரம்பரை, தண்ணீர் மறுக்கப்பட்டவரின் கதையைச் சொல்ல வந்துவிட்டது!

நண்பர்களே, நாளைக்கு டிப்ளமோவைக் கையில் வாங்கிக்கொண்டு நாமும் கம்பெனிகளுக்குப் போகப்போகிறோம். சிலர் வெளிநாடு போவோம். கைத்தொழில் மட்டும் தெரிந்தால் போதாது. எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், எப்போது ஊர் திரும்பலாம் என்று கேட்டு, எழுத்தில் வாங்கவும் தெரிய வேண்டும். கேட்பது அகம்பாவம் அல்ல, உரிமை.

இன்னொன்றும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்ம ஊரில் லைன் வீடுகளில் தங்கி உழைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! நம்ம விடுதியிலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கிக் கிடக்கும் நண்பன் ஒருவன் இருக்கலாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். சாப்பிட்டாயா, வீட்டிலிருந்து கடிதமோ போனோ வந்ததா என்று கேளுங்கள். தோகாமாச்சியில் ஜங்கருக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.