எழுப்பிவிட்டவர்

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் 1815 இல் இலண்டனிற் பிறந்தார். 1834 இல் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர், நேரம் பிந்தி வருபவரென்று பெயர் கெட்டிருந்தார். பின்னாளில், உத்தியோகத்துடன் நாவலும் எழுதுவதற்காக விடியற்காலை 5.30 மணிக்கே மேசையில் அமரலானார். அதற்குத் தம் மனவுறுதியை மட்டும் அவர் நம்பவில்லை. குதிரை பராமரித்த முதியவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் கூடுதலாகக் கொடுத்துத் தம்மை எழுப்பச் செய்தார். வோல்தம் குறொஸில் வாழ்ந்த ஆண்டுகளில் அம்முதியவர் கோப்பியுடன் வர ஒருநாளும் பிந்தியதில்லை. காலையுணவுக்கு முன்பே அன்றைய எழுத்து முடிந்துவிடும்.

1875 இல் இலங்கைக்கும் வந்துசென்ற ட்ரொலப், 47 நாவல்களை எழுதி 1882 இல் மறைந்தார். தம் வெற்றிக்கு அம்முதியவருக்கே அதிகம் கடன்பட்டவரென அவர் எண்ணினார். விடிய எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய அம்மாமாரை நாமும் நினைப்போம்.