எமர்ஜென்சியில் தனித்து நின்ற நீதிபதி கன்னா.. சிவகாசி ஆய்வுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

சிவகாசி பட்டாசுத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராயணுமா? முதல்ல நெறிமுறைக் குழு அனுமதி வாங்கணும். இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா.

1912-ல் அமிர்தசரஸில் பிறந்தவர். எமர்ஜென்சியில் விசாரணையே இல்லாம உள்ளே வைத்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 1976-ல் உச்ச நீதிமன்றத்தின் 4 நீதிபதிகள் சொல்ல, இவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டே தலைமை நீதிபதி பதவி ஜூனியருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு 1980-ல் ஐ.சி.எம்.ஆர் முதன்முதலில் நெறிமுறை வகுத்தது. அந்தக் குழுவின் தலைவர் கன்னாதான். 2008-ல் காலமானார்.

இப்போதுள்ள 2017 நெறிமுறையில் விலக்கும் உண்டு. பொதுவெளியில் உள்ள, ஆள் அடையாளம் இல்லாத விபத்துத் தகவல்களைத் தொகுத்து ஆராய்ந்தால் விலக்கு கிடைக்கலாம். தொழிலாளியிடமே போய் பேர், தீக்காயம், மூச்சுத்திணறல்னு கேட்டுக் குறித்தால்? வேலையே போகலாமே, விலக்கு கிடையாது. விலக்கு உண்டான்னு முடிவு பண்றதும் குழுதான், ஆய்வாளர் இல்லை.