தேய்ந்து காக்கும் உலோகம்: ஐசாக் பாபிட்டின் கதை

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கார் திருத்தப் பழகியவன் நான். பொருளாதாரத் தடைக் காலம். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, என்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீர் போலாக்கிவிடும். ஒயில் இளகினால் முதலில் கெடுவது பெயரிங். புதுப் பெயரிங் எடுக்கவும் வழியில்லை.

ஒருநாள் ஒரு வாடகைக் கார் பிக் எண்ட் தட்டுகிற சத்தத்தோடு வந்தது. பெயரிங் மூடியின் விளிம்பை அரத்தால் அராவி இறுக்கிக் கொடுத்தேன். சத்தம் நின்றது. மூன்றாம் நாள் இரவு, பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பெண்ணை ஏற்றிப் போகும்போது என்ஜின் இறுகி நடு வீதியில் நின்றுவிட்டது. மிச்ச வழியைச் சைக்கிள் கரியரில் இருந்தபடி அவர் கடந்தார். தாயும் பிள்ளையும் தப்பியது அவர்கள் நல்ல காலம். என் அரம் வட்டமான துளையை முட்டை வடிவாக்கியிருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

பெயரிங்கைப் பற்றி ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் தோன்றியது. அப்படிப் படித்தபோது அறிந்தவர்தான் ஐசாக் பாபிட். நாங்கள் வைற் மெற்றல் என்று சொல்வதை உலகின் பல கராஜ்களில் அவர் பெயராலேயே பாபிட் என்கிறார்கள்.

பாபிட் 1799இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், ரோன்ரன் என்ற ஊரில் பிறந்தார். கற்ற தொழில் பொற்கொல்லர் வேலை. 1824இல் பிரித்தானியா உலோகத்தில் தேநீர்க் கேத்தல்களும் வீட்டுப் பாத்திரங்களும் செய்யத் தொடங்கினார். வெள்ளீயத்தோடு அன்ரிமனியும் கொஞ்சம் செம்பும் கலந்தது அந்த உலோகம். அமெரிக்காவில் அதை முதன்முதலில் செய்தவர் அவரே என்பார்கள். வியாபாரம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவரிடம் வேலை செய்தவர்கள் அதை எடுத்து நடத்த, அது ரீட் அன்ட் பார்ட்டன் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பாபிட் பொஸ்ரனுக்குப் போய் ஒரு வார்ப்பு ஆலையில் சேர்ந்தார்.

அது நீராவி என்ஜின்களின் காலம். சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங்குகள் சூடேறி இறுகுவது அன்றாடத் தொல்லை. கடினமான உலோகத்தைப் போட்டால் தண்டு கீறுப்படும். மென்மையானதைப் போட்டால் பாரத்தில் நசிந்து வெளியே பிதுங்கும். பாபிட் இரண்டையும் சேர்த்தார். வெளியே கடினமான உறை, உள்ளே மென்மையான பூச்சு. பூச்சு பிதுங்காதபடி உறையின் ஓரங்களில் வரம்பு வைத்தார். அது பிரியாதபடி உறையின் உட்புறத்துக்கு முதலில் வெள்ளீயம் பூசினார். பூச்சுக்கு அவர் சொன்ன கலவை வெள்ளீயம், அன்ரிமனி, செம்பு. கேத்தல் செய்த அதே மூன்று உலோகங்கள்தான்!

1839 யூலை 17ஆம் திகதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1841இல் மசாசுசெற்ஸ் தொழில்வினைஞர் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் 20,000 டொலர் கொடுத்தது. 1862இல் பாபிட் சொமர்வில் நகரில் காலமானார். பெற்றோல் கார் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

ஆனால் இன்று கடையில் வாங்கும் செல் பெயரிங்கைப் புரட்டிப் பாருங்கள். முதுகு உருக்கு, உள்ளே மெல்லிய மென்பூச்சு. எண்ணம் அவருடையது. ஒயிலோடு வரும் நுண்ணிய தூசியைப் பூச்சு தனக்குள் புதைத்துக்கொள்ளும். ஒயில் நின்றுபோனால், ஏறத்தாழ 240 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். விலை கூடிய கிராங்குக்கு முன்னே, மலிவான பூச்சு அழியும்.

இதனால்தான் என்ஜின் கட்டும்போது கடினமான பெயரிங்தான் நல்லது என்று எண்ணக் கூடாது. கடினமாக்கப்படாத பழைய கிராங்குக்கு வைற் மெற்றல் பூச்சே பொருந்தும். செம்பு-ஈயப் பெயரிங் கூடிய பாரம் தாங்கும். ஆனால் அதற்குக் கடினமாக்கிய கிராங்க் வேண்டும்.

அளவும் அப்படியே. முதலில் கிராங்கை மைக்ரோமீற்றரால் பல இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, அதாவது 0.25 மில்லிமீற்றர், கடைந்து குறைத்திருந்தால் 10 அண்டர்சைஸ் செல்லே வேண்டும். பழைய செல்லின் முதுகிலுள்ள இலக்கத்தைப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒயில் நிற்பதற்கான இடைவெளி, தண்டின் ஓர் அங்குல விட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்திலொரு அங்குலம் என்பது பொதுக் கணக்கு. சரியான எண் அந்த என்ஜினின் கைநூலில் இருக்கும். மூடியை மட்டும் ஒருபோதும் அராவாதீர்கள்.

அண்மையில் ஒயில் பம்ப் பழுதாகி நின்ற பழைய ஒஸ்ரின் ஒன்றைத் திறந்தேன். பூச்சு உருகி வழிந்திருந்தது. கிராங்கில் மெல்லிய கறை மட்டும். மெருகிட்டு, இரண்டு தரம் அளந்து, புதுச் செல் போட்டேன். அரம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.