60 தோல்வி, 55 வெற்றி... ஆனாலும் இவர்தான் கூடைப்பந்தின் தந்தை! - ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் கதை

ஒரு சின்னக் கேள்வி. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு 120 வருடங்களைத் தாண்டிய வரலாறு இருக்கு. என்.சி.ஏ.ஏ சாம்பியன் பட்டத்தை 1952, 1988, 2008, 2022 என நான்கு முறை தூக்கிய அணி அது. இத்தனை வருடங்களில் அங்கே தலைமை கோச்சாக இருந்தவர்களில், ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்றவர் ஒரே ஒருவர்தான். யார் தெரியுமா?

கூடைப்பந்து விளையாட்டையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்!

ஆச்சர்யமா இருக்கா? அவர் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டா, அந்தத் தோல்விக் கணக்கை நீங்க வேற மாதிரி பார்ப்பீங்க.

தாய்மாமா வளர்த்த பிள்ளை

நெய்ஸ்மித் பிறந்தது 1861 நவம்பர் 6, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆல்மோன்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில். ஒன்பது வயதை எட்டும் நேரத்தில் டைபாய்டு காய்ச்சலுக்கு அப்பாவையும் அம்மாவையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அதன்பின் அக்கா, தம்பியோடு அவரை வளர்த்தது தாய்மாமா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மரம் வெட்டும் முகாம்களில் சில வருடங்கள் வேலை பார்த்தார். பிறகு மனம் மாறித் திரும்ப வந்து படித்தார். மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகப் பட்டம், அடுத்து கிறிஸ்தவ இறையியல் படிப்பு.

போதகராகப் போயிருக்க வேண்டியவர். ஆனால், பிரசங்க மேடையில் செய்வதை மைதானத்திலும் செய்யலாம், விளையாட்டின் வழியாகவும் ஒரு இளைஞனை நல்ல மனுஷனாக்க முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் 1890-ல் அவரை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளிக்குக் கொண்டுபோனது.

14 நாள் கெடு

1891 குளிர்காலம். வெளியே பனி. ஜிம்முக்குள்ளேயே உடற்பயிற்சி செய்து செய்து சலித்துப்போன 18 மாணவர்கள். எந்த ஆசிரியருக்கும் அடங்காத வகுப்பு அது. அவர்களுக்காக உள்ளரங்கில் ஆட ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லி, துறைத் தலைவர் லூதர் குலிக் கொடுத்த அவகாசம் 14 நாள்.

ஃபுட்பாலை உள்ளே ஆடிப் பார்த்தால் கை கால் உடையும் ஆபத்து. சண்டை எங்கே தொடங்குதுன்னு யோசித்தார் நெய்ஸ்மித். பந்தோடு ஓடுறவனைத் தடுக்கப் போய்த்தானே ஒருத்தன்மேல ஒருத்தன் விழுறாங்க? அப்போ பந்தை வெச்சுக்கிட்டு ஓடவே கூடாதுன்னு ஒரு விதி. கோல் தரையில் இருந்தால் பலம்கொண்ட மட்டும் அடிப்பாங்க. அதைத் தலைக்கு மேலே, வாய் வானம் பார்க்கிற மாதிரி வெச்சா? மெதுவாக, குறிபார்த்து, வளைவாகத்தான் எறிய முடியும். சின்ன வயதில் ஊரில், பாறை மேல் வைத்த கல்லைக் குறிபார்த்து எறிந்து விழவைக்கும் ஆட்டம் ஆடிய ஞாபகம் இங்கே கைகொடுத்தது.

பள்ளியின் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். அவரிடம் இருந்ததோ பீச் பழக் கூடைகள். அதையே பால்கனிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி இருந்த உயரம் 10 அடி. இன்றைக்கும் உலகம் முழுக்க அதே 10 அடிதான்! 13 விதிகளை எழுதி ஒட்டினார். டிசம்பர் 21 அன்று அணிக்கு 9 பேர் என முதல் மேட்ச் நடந்தது. மொத்த ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கூடை.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் போன ஊருக்கெல்லாம் இந்த விளையாட்டும் போனது. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். இப்படி உலகம் சுற்றிய விளையாட்டுக்கு நெய்ஸ்மித் காப்புரிமைகூட வாங்கவில்லை.

தோற்ற கோச்

அடுத்து டென்வருக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1898-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அதே வருடம் கான்சஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. கூடைப்பந்து கோச்சாக இல்லை. உடற்கல்வி ஆசிரியராகவும், தினசரிப் பிரார்த்தனையை நடத்துபவராகவும்! அணி அதன்பிறகுதான் உருவானது. 1899 பிப்ரவரியில் நடந்த முதல் மேட்ச்சில் கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ அணியிடம் 5-16 எனத் தோல்வி.

ஒன்பது சீசன்கள். 55 வெற்றி, 60 தோல்வி. அவர் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. கூடைப்பந்து என்பது ஆடுவதற்கானது, அதற்கு கோச் எதற்கு என்பதுதான் அவர் எண்ணம். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் என்ற மாணவர் கோச் வேலைக்குப் போகும்போதும், இதையெல்லாம் பயிற்சி கொடுத்து வரவைக்க முடியாது என்றுதான் சொல்லி அனுப்பினார்.

மாணவர் கேட்கவில்லை. 1907-ல் குருவின் இடத்துக்கே வந்து, பிறகு 1919 முதல் 1956 வரை கான்சஸ் அணியை நடத்தி, அங்கே மட்டும் 590 வெற்றிகளைக் குவித்தார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் நார்த் கரோலினாவிலும் பெரிய கோச்களானார்கள். கல்லூரி நாள்களில் மைக்கேல் ஜோர்டானுக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்த டீன் ஸ்மித்தான். பாருங்க, தோற்ற கோச்சிடமிருந்து எப்படிப்பட்ட பரம்பரை!

உள்ளே விடப்படாத மாணவர்

1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கான்சஸில் சேர்ந்தார். அப்போது பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. நீச்சல் குளத்தில் இறங்குவதற்கே எதிர்ப்பு. 70 வயதைத் தாண்டியிருந்த நெய்ஸ்மித், அவருக்கு வழிகாட்டும் பேராசிரியராக இருந்து, படிப்பு முடியும் வரை துணை நின்றார். அணியின் கதவு நெய்ஸ்மித் காலத்தில் திறக்கவே இல்லை. ஆனால், அந்த அணிக்காக ஒரு மேட்ச்கூட ஆடாத மெக்லெண்டன், பின்னாளில் டென்னஸி ஏ அண்ட் ஐ அணியை 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று வருடம் தேசியச் சாம்பியனாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் பெயரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கும் இடம் உண்டு.

மழையில் நடந்த ஃபைனல்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆலன். நெய்ஸ்மித் பெர்லின் போய்வர, அமெரிக்க கோச்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். திறந்தவெளி மண் தரையில், கொட்டும் மழையில் நடந்த ஃபைனலில் மோதியது அவர் பிறந்த கனடாவும் வாழ்ந்த அமெரிக்காவும். 19-8 என அமெரிக்கா ஜெயித்தது. பதக்கங்களை வழங்கியவர் நெய்ஸ்மித்.

1939 நவம்பர் 28 அன்று, கான்சஸ் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரிலேயே அவர் இறந்தார். 2010-ல் அந்த 13 விதிகள் எழுதிய காகிதம் ஏலத்துக்கு வந்தபோது, கான்சஸின் முன்னாள் மாணவர் ஒருவர் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார். இன்று அது பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஸ்டேடியத்துக்கு மாணவர் ஆலனின் பெயர். உள்ளே வீரர்கள் ஆடும் தரைக்குத் தோற்ற கோச் நெய்ஸ்மித்தின் பெயர்.

உங்க பிள்ளை இன்னிக்கு சாயங்காலம் விளையாடிட்டு வியர்வையோட வீட்டுக்கு வந்தா, ஜெயிச்சியான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, நல்லா விளையாடினியான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!