ஆராய்ச்சிப் பேரறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி

நம் தமிழ்ச் சமணர் இல்லங்கள் பலவற்றில் ஸ்ரீபுராணம், மேருமந்தர புராணம், ஜீவசம்போதனை முதலிய நூல்களோடு ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலையும் போற்றி வைத்திருப்பதைக் காணலாம். நம் முன்னோர் இந்நாட்டில் வாழ்ந்த வரலாற்றையும், தமிழுக்கு அவர்கள் ஆற்றிய தொண்டையும் ஒருங்கே தொகுத்துக் கூறும் அந்நூலை எழுதியவர் சமணக் குடியிற் பிறந்தவரல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவருமல்லர். சென்னையில் தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு எழுத்தறிவித்த ஓர் ஆசிரியர். மயிலை சீனி. வேங்கடசாமி என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை நம் இளந்தலைமுறையினர் அறிதல் வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதலானேன்.

பிறப்பும் இளமையும்

வேங்கடசாமி அவர்கள் 16-12-1900 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாச நாயகர் சித்த மருத்துவர். ஏட்டுச் சுவடிகளோடு பழகிய குடும்பமாதலின், தமிழ்ப்பற்று அவர்க்கு வீட்டிலேயே வாய்த்தது. தமையனார் கோவிந்தராசனார் தமிழறிஞர். தம்பிக்கு இலக்கியமும் இலக்கணமும் கற்பித்தவர் அவரே.

ஓவியத்தில் பெருவிருப்பம் கொண்ட வேங்கடசாமி, எழும்பூரிலிருந்த ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். குடும்பச் சூழ்நிலை காரணமாக அப்படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னர் நீதிக் கட்சியின் ‘திராவிடன்’ நாளிதழில் ஆசிரியர் குழுவில் பணியாற்றினார். அதன்பின் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1955ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை அதுவே அவருடைய தொழில். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதையும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமே ஒப்படைத்தார்.

நானும் ஆசிரியப் பயிற்சி பெற்று முப்பதாண்டுகளுக்கு மேல் சிறுவர்க்குக் கற்பித்தவள். காலைமுதல் மாலைவரை வகுப்பில் நின்று, பாடக்குறிப்பு எழுதி, பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்தி முடித்த பின்னர், தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடத்தில் எஞ்சியிருக்கும் நேரமும் உடல்வலிமையும் எவ்வளவு என்பதை நன்கறிவேன். அந்த எஞ்சிய நேரத்தில்தான் அவர் தமிழக வரலாற்றை ஆராய்ந்தார். வட்டெழுத்து, கிரந்தம், பிராமி ஆகிய பழைய எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். கல்வெட்டுத் துறையினர் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளைத் தேடிப் படித்துக் குறிப்பெடுத்தார். இவற்றுக்கெல்லாம் அவர்க்குப் பல்கலைக்கழகப் பதவியின் துணை இருந்ததில்லை.

மூன்று சமயங்களும் தமிழும்

1936ஆம் ஆண்டு ‘கிறித்தவமும் தமிழும்’ என்னும் நூல் வெளிவந்தது. ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் உரைநடைக்கும் அச்சுத் தொழிலுக்கும் அகராதிக் கலைக்கும் ஆற்றிய பணிகளை அது தொகுத்துரைத்தது. 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ வெளிவந்தது. 1954இல் ‘சமணமும் தமிழும்’ வெளிவந்தது.

இம்மூன்று நூல்களையும் ஒருசேர நோக்கினால் ஆசிரியரின் உள்ளக்கிடக்கை புலனாகும். தமிழ் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய சொத்தன்று. பல சமயத்தாரும் தத்தம் பங்கினைச் செலுத்தி வளர்த்த பொதுச் செல்வம் என்பதே அது. சுயமரியாதை இயக்கத்தோடு தொடர்புடையவராக இருந்தும், ஒரு சமயத்தின் வரலாற்றை எழுதப் புகும்போது அச்சமயத்தாரின் நூல்களையும் நம்பிக்கைகளையும் மதித்தே எழுதினார். ஆராய்ச்சியாளர்க்கு வேண்டிய நடுவுநிலைமை இதுவாகும்.

‘சமணமும் தமிழும்’ கூறுவன

சந்திரகுப்த மௌரியரும் பத்திரபாகு முனிவரும் தென்னாடு போந்த மரபுச் செய்தியையும், விசாக முனிவர் சோழ பாண்டிய நாடுகளில் அறம் பரப்பிய செய்தியையும் அந்நூல் எடுத்துரைக்கின்றது. பாண்டி நாட்டுக் குன்றுகளில் முனிவர்க்கென அமைந்த கற்படுக்கைகளையும், அவற்றின் அருகே பொறிக்கப்பட்ட பிராமி எழுத்துகளையும் சான்று காட்டுகின்றது. கி.பி. 470இல் வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவியதை விளக்குகின்றது.

சமணம் தமிழ் மக்களிடையே பரவியதற்குரிய காரணத்தை அவர் ஆராயும் பகுதி நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது. அரசர் ஆதரவை மட்டும் அவர் காரணமாகக் கூறவில்லை. அன்னதானம், அபயதானம், ஔஷததானம், சாஸ்திரதானம் என்னும் நால்வகைத் தானங்களைச் சிறப்பாக எடுத்துக்காட்டினார். பசித்தவர்க்கு உணவும், அஞ்சி வந்தவர்க்குப் புகலும், பிணியுற்றோர்க்கு மருந்தும், சிறுவர்க்குக் கல்வியும் வழங்கியதால் மக்கள் அச்சமயத்தை நாடினர் என்பது அவர் முடிவு. கல்வெட்டுகளில் அஞ்சினான் புகலிடம் எனக் குறிக்கப்படும் இடங்களை அபயதானத்தோடு பொருத்திப் பார்த்தார்.

முனிவர்கள் தங்கிய இடத்திற்குப் பள்ளி என்று பெயர். அப்பள்ளிகளில் ஊர்ச் சிறுவரைச் சேர்த்துக் கற்பித்தமையால், கல்வி கற்கும் இடத்திற்கே பள்ளிக்கூடம் என்னும் பெயர் நிலைத்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆசிரியப் பயிற்சி மாணவியாக இருந்தபோது நூலகத்தில் முதன்முதலாக அப்பகுதியைப் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது. நாள்தோறும் நாவால் வழங்கும் ஒரு சொல்லுக்குள் நம் முன்னோரின் அறச்செயல் பொதிந்து கிடப்பதை, சமணப் பெண்ணாகிய நான் சமணரல்லாத ஓர் ஆசிரியரின் நூலிலிருந்து தெரிந்துகொண்டேன். பெருமையும் நாணமும் ஒருங்கே தோன்றின.

தீபாவளித் திருநாள் மகாவீர பகவான் வீடுபேறு எய்திய நாளை ஒட்டி எழுந்தது என்பதையும் அவர் அந்நூலில் எழுதினார். பக்தி இயக்கக் காலத்தில் சைவ வைணவ சமயங்களோடு நேர்ந்த பூசல்களையும் மறைக்காமல் கூறினார். எனினும் எவர்மீதும் வெறுப்பை மூட்டும் சொல் அவர் எழுத்தில் இல்லை.

நம் பகுதியும் அவர் நூலும்

காலாப்பட்டில் வாழும் நமக்கு அந்நூலில் வரும் ஊர்கள் பலவும் அண்மையிலுள்ளவை. முன்பு தென்னார்க்காடு மாவட்டம் எனப்பட்ட பகுதியின் சமணத் தலங்களை அவர் தனியே தொகுத்துள்ளார். திருநறுங்கொண்டை, மேல்சித்தாமூர், செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று, கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் ஆகியன இப்பகுதியின் பெருமைக்குரிய இடங்கள். திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரின் திருவுருவங்கள் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டும் அங்கு உள்ளது.

பாடலிபுரம் என்னும் திருப்பாதிரிப்புலியூரில் புகழ்பெற்ற சமணப் பள்ளி இருந்தது. சர்வநந்தி முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் நூலைக் கி.பி. 458இல் அங்குதான் முடித்தார் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மூலநூல் இன்று இல்லை. சிம்மசூரி அதனைச் சமஸ்கிருதத்தில் ஆக்கிய நூலே கிடைத்துள்ளது. அந்நூலில் காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டிருத்தலின், பல்லவர் காலத்தைக் கணிக்க அது பேருதவி புரிந்தது. ஒரு முனிவர் உலகத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய நூல், ஓர் அரச மரபின் காலத்தைக் காட்டும் விளக்காயிற்று.

மற்றொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். வேங்கடசாமி அவர்கள் பிறந்த மயிலாப்பூரில் முற்காலத்தில் ஸ்ரீ நேமிநாத பகவானுக்கு ஜினாலயம் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டது அப்பகவானை முன்னிட்டே. அவிரோதி ஆழ்வார் பாடிய திருநூற்றந்தாதியும் மயிலை நேமிநாதர்மீது அமைந்ததாகும். கடல் அந்த ஆலயத்தைக் கொள்ளும் என அஞ்சி, பகவானின் திருவுருவத்தை மேல்சித்தாமூருக்குக் கொண்டுவந்தனர் என்பது வழிவழிச் செய்தி. மயிலையின் நேமிநாதர் நம் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அவர் இருந்த இடத்தின் நினைவை மயிலையில் பிறந்த ஓர் ஆசிரியர் எழுத்தில் நிலைநிறுத்தினார்.

பிற ஆராய்ச்சிகள்

ஓவியப் பயிற்சி அவர்க்கு வீணாகவில்லை. 1956இல் வெளிவந்த ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்னும் நூலில் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து ஆகியவற்றை விளக்கினார். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், மூன்றாம் நந்திவர்மன் ஆகிய பல்லவ வேந்தர்க்குத் தனித்தனியே நூல் இயற்றினார்.

1975இல் வெளிவந்த ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ நம் கவனத்திற்குரியது. சங்க காலத்திற்கும் பல்லவர் எழுச்சிக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை இருண்ட காலம் என்று பாடநூல்கள் கூறிவந்தன. நானும் அவ்வாறே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கின்றேன். சமண பௌத்த சமயங்கள் ஓங்கியிருந்த அக்காலத்தில் நூல்கள் பல தோன்றின, புதிய பாவினங்கள் வளர்ந்தன, எழுத்துமுறை மாறியது என அவர் காட்டினார். இருள் என்பது அக்காலத்தில் இல்லை, நம் அறிவில்தான் இருந்தது என்பதை அந்நூல் உணர்த்திற்று.

அவர் முடிவுகள் யாவற்றையும் அறிஞர்கள் ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என்றும், பகீரதன் தவம் என்றும் கூறப்படும் பெரிய பாறைச் சிற்பம், அஜிதநாத புராணத்திலுள்ள சகர சக்கரவர்த்தியின் மக்கள் வரலாற்றைக் காட்டுவது என 1950இல் ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்னும் நூலில் எழுதினார். கயிலையைச் சூழ அகழி தோண்டிக் கங்கையை அதில் பாயவிட்ட அம்மக்கள் நாகர் வேந்தனின் சினத்தால் அழிந்தனர் என்பது அக்கதை. இக்கருத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நமக்கு உகந்த முடிவு என்பதற்காக நாமும் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. சான்றைக் காட்டி எவரும் மறுத்துரைக்க இடம் வைத்து எழுதுவதே ஆராய்ச்சி நெறி. அவரும் அந்நெறியிலேயே நின்றார்.

மறைந்து போன நூல்கள்

அவருடைய உழைப்பின் அருமையை எனக்கு மிகுதியும் உணர்த்தியது, 1959இல் வெளிவந்த ‘மறைந்து போன தமிழ் நூல்கள்’ ஆகும். உரையாசிரியர்கள் பெயரளவில் சுட்டிய நூல்களையும், சில பாடல்கள் மட்டும் எஞ்சிய நூல்களையும் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தார். வளையாபதி போன்ற பெருங்காப்பியமும் அம்மறைந்த நூல்களுள் ஒன்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் இளமையில் அதன் சுவடியைப் பார்த்திருந்தும், பதிப்பிக்க எண்ணித் தேடியபோது அது கிடைக்கவில்லை.

அந்நூலைப் படிக்கும்போதெல்லாம் என் பாட்டி வீட்டு நிகழ்ச்சி ஒன்று நெஞ்சை வருத்தும். பாட்டனார் மறைந்தபின், பரண்மீதிருந்த ஓலைச் சுவடிக் கட்டு ஒன்றைச் செல்லரித்தது எனக் கீழே இறக்கினர். புனிதமான ஏட்டைக் குப்பையில் எறியலாகாது என்று, ஆடிப் பதினெட்டாம் நாளில் மஞ்சளும் பூவும் வைத்து ஆற்றுநீரில் விட்டனர். பத்து வயதுச் சிறுமியாகிய நானும் பூத்தட்டை ஏந்தி உடன் சென்றேன். பக்தியோடு செய்த செயல்தான். ஆயினும், அதில் இருந்தது யாது என்பதை இனி எவரும் அறியார். நூல்கள் பகைவராலும் நெருப்பாலும் மட்டும் அழிவதில்லை. அன்புடைய கைகளாலும் அழிகின்றன.

மறைவும் நம் கடமையும்

வேங்கடசாமி அவர்கள் 8-7-1980 அன்று காலமானார். சங்க காலப் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. அவருடைய நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. ஆதலால் அவற்றை எவரும் எளிதிற் பெற்றுப் படிக்கலாம்.

1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் நம் காலாப்பட்டிலேயே அமைந்துள்ளது. ஆய்வு மாணவர்கள் பேருந்திலிருந்து இறங்கி அதன் வாயிலுக்குள் செல்வதைக் காலைதோறும் காண்கின்றேன். அவர்களுக்குக் கிடைக்கும் நூலகமும் உதவித்தொகையும் வேங்கடசாமி அவர்கட்குக் கிடைத்திலது. அவரிடம் இருந்தவை மாலை நேரமும், குறிப்பேடும், சான்றின்றி எதையும் எழுதாத மனமுமே.

பட்டம் பெற்றவர்தாம் இப்பணியைச் செய்யவேண்டும் என்பதில்லை. நம் இல்லத்துப் பரணில் சுவடி இருப்பின், அதனை நீரில் விடாமல் முதலில் அறிந்தவரிடம் காட்டுவோம். ஊர் எல்லையிலோ ஏரிக்கரையிலோ தீர்த்தங்கரர் திருவுருவம் கிடந்தால், இடத்தையும் நாளையும் குறித்துப் படமெடுத்து வைப்போம். முதியோர் கூறும் ஊர்ச் செய்திகளைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்வோம். நால்வகைத் தானங்களுள் சாஸ்திரதானம் என்பது நூலைக் கொடுப்பது மட்டுமன்று. நூல் அழியாமல் காப்பதும் அதுவேயாகும். நம் சமயத்தில் பிறவாத ஒருவர் அத்தானத்தை நமக்குச் செய்து சென்றார். அதனைப் பெற்றுக்கொண்ட நாம் அடுத்த தலைமுறைக்கு வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.