சூரியனுக்குப் பேரேடு எழுதிய எவர்ஷெட்

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பர் துபாயில் அப்ரா படகுத்துறைக்குப் பக்கத்தில், க்ரீக் கரையோரமாக நாங்கள் குடும்பமாக நடந்துகொண்டிருந்தோம். மலையாளத் தம்பி ஒருவர் இரண்டு சிறிய தொலைநோக்கிகளை முக்காலிகளில் பூட்டி வைத்து, வருவோர் போவோரைக் கூப்பிட்டுச் சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தார். காசு வாங்கவில்லை. கிழமை நாட்களில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை, லீவு நாளில் இதுதான் பொழுதுபோக்கு என்றார். எங்கள் சின்ன மகள் வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் நாங்களும் நின்றோம்.

முதல் தொலைநோக்கியின் வாயில் வெள்ளித்தாள் போன்ற வடிகட்டி பொருத்தியிருந்தது. அதனூடாகச் சூரியன் வெளிறிய ஒரு தட்டாகத் தெரிந்தது. நடுவில் பிரகாசம், விளிம்பை நோக்கிப் போகப் போக மங்கல். தட்டின் மேல் இரண்டு கரும்புள்ளிகள். பெரியதை உற்றுப் பார்த்தால் நடுவே கருமை, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கரை. இரண்டாவது தொலைநோக்கி ஐதரசன் வாயு வெளிவிடும் ஒரே ஒரு சிவப்பு நிறத்தை மட்டும் உள்ளே விடுவது. அதில் சூரியனின் விளிம்பில் நூல் போல ஒரு தீநாக்கு எழுந்து நின்றது.

நாங்கள் விலகும்போது அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார். அந்தச் சாம்பல் கரையில் வாயு ஓடிக்கொண்டிருக்கிறதாம். அந்த ஓட்டத்துக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயர் வைத்திருக்கிறார்களாம். அவர் அதைக் கண்டுபிடித்தது கொடைக்கானலிலாம். எம்மவர் பலர் தமிழ்நாட்டில் அகதிகளாக இருந்த காலத்தில் கொடைக்கானலுக்குப் போயிருக்கிறோம். ஏரியில் படகு விட்டிருக்கிறோம். மலை மேல் தெரிந்த அந்த வான் ஆய்வுக் கூடத்தில் என்ன நடந்தது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் கிடைத்த வாழ்க்கைதான் இது.

ஜோன் எவர்ஷெட் 1864இல் இங்கிலாந்தின் சறே மாவட்டத்தில் கொம்ஷால் என்ற ஊரில் பிறந்தார். வானியல் அவருடைய தொழில் அல்ல. இலண்டனில் ஒரு நிறுவனத்தில் இரசாயனப் பகுப்பாய்வாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்தவர். 1890இல் கென்லி என்ற இடத்தில் சொந்தமாக ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்து, வேலை இல்லாத நேரங்களில் சூரியனைப் பார்த்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட றன்யார்ட் என்ற வானியல் அன்பர் 1894இல் இறந்தபோது, தன்னுடைய 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்ஷெட்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

கிரகணம் எங்கே தெரியுமோ அங்கே அவர் போனார். 1896இல் நோர்வேக்குப் போன கிரகணப் பயணத்தில் மேரி ஓர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவரும் வானியலில் தேர்ந்தவர், தென்வானத்து விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். பத்து ஆண்டுகள் கழித்து, 1906இல், இருவரும் மணமுடித்தார்கள். இடையில் 1898 ஜனவரி 22இல் இந்தியாவில் முழுச் சூரியகிரகணம் வந்தது. எவர்ஷெட் இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள தல்னி என்ற ஊருக்குக் கருவிகளோடு வந்து, சூரியனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியின் நிறமாலையைப் படமெடுத்துத் திரும்பினார். அப்போது அவர் இந்தியாவுக்கு ஒரு விருந்தாளி மட்டுமே.

அவர் திரும்பி வந்து வேலை செய்த இடம் உருவான கதைக்குள் நம்முடைய கதையும் ஒரு துண்டு இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பட்டினியிலிருந்து தப்ப ஏராளமானோர் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். மலையகத்தில் பல குடும்பங்களின் வேர் அந்தப் பஞ்சத்தில்தான் இருக்கிறது. மழை ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. சூரியனில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, பருவமழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டோ என்பதே அது. சூரியனை நாள் தவறாமல் கவனிக்க வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து வலுத்தது. 1895இல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார்கள். சென்னையில் இருந்த ஆய்வுக்கூடத்தின் வேலை மலைக்கு ஏறியது. மிச்சி சிமித் அதன் முதல் இயக்குநர்.

அங்கே உதவி இயக்குநராக வரும்படி எவர்ஷெட்டுக்கு அழைப்பு வந்தபோது அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் வேறொரு நாட்டில் முதல் படியிலிருந்து தொடங்குவது என்னவென்று நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரை யாரும் துரத்தவில்லை. ஆளும் இனத்தவராக, விரும்பி வந்தார். திரும்பிப் போக அவருக்கு ஊர் இருந்தது. அமெரிக்கா, யப்பான் வழியாக, வில்சன் மலை ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு, புதுமணத் தம்பதியாக 1907 ஜனவரியில் வந்து சேர்ந்தார்கள். அந்நாளில் கொடைக்கானலுக்கு மோட்டார் பாதை கிடையாது. அடிவாரம் வரை மாட்டுவண்டி, பிறகு மலைப்பாதை.

ஆய்வுக்கூடத்தில் சூரியனை ஒரே ஒரு நிறத்தில் மட்டும் படமெடுக்கும் கருவி இருந்தது. எவர்ஷெட் அதை ஒழுங்குபடுத்தி நன்றாக வேலை செய்ய வைத்தார். கிடைத்த பொருட்களைக் கொண்டு தானே புதிய கருவிகளையும் செய்தார். சீதாராம ஐயர், நாராயண ஐயர் போன்ற உள்ளூர் உதவியாளர்கள் அங்கே அளவெடுத்தும் கணக்கிட்டும் உழைத்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் கட்டுரைகளின் ஓரங்களில்தான் காண முடிகிறது.

இனி அந்தச் சாம்பல் கரைக்கு வருவோம். 1908இல் அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர், கரும்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிகளைச் சுற்றிச் சுழி போன்ற கோலங்களும் அவருடைய படங்களில் தெரிந்தன. ஆகவே கரும்புள்ளி என்பது நம்முடைய கடல் சூறாவளி போல் சுழலும் வாயு என்றே பலரும் எண்ணினார்கள். எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியைத்தான் தேடினார்.

தேடிய முறை எளிது. நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் கூர்மையாகவும் விலகிப் போகும்போது தடித்தும் கேட்கிறது அல்லவா? ஒளியும் அப்படியே. நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகிப் போகும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். 1909 ஜனவரி 5ஆம் திகதி, வானம் தெளிந்திருந்தபோது, பெரிய புள்ளிகளின் நிறமாலையைத் தகட்டில் பிடித்தார். கோடுகள் சாய்ந்திருந்தன. ஆனால் சுழற்சிக்குப் பொருந்தும்படி சாயவில்லை. புள்ளி சூரியனின் ஓரத்தில் இருந்தால், அதன் சாம்பல் கரையில் விளிம்புப் பக்கத்து வாயு நம்மைவிட்டு விலகியது, நடுப் பக்கத்து வாயு நம்மை நோக்கி வந்தது. புள்ளி சூரியனின் நடுவில் இருக்கும்போது நகர்வே இல்லை. இதற்கு ஒரே பொருள்தான். வாயு சுழலவில்லை. கருமையான நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியே, சூரியனின் மேற்பரப்பை ஒட்டி, வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

அந்த வேகம் கோட்டை எவ்வளவு நகர்த்தும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கு. எங்கள் தொழிலில் பரீட்சை மீதி எடுக்கும்போது ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால், வேலை முடியட்டும் என்று அதைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறோம். எவர்ஷெட் அந்த ஒரு ரூபாயைத் துரத்தினார். அது தான் எதிர்பார்த்த பக்கத்தில் விழவில்லை என்றதும், தகடு காட்டிய பக்கத்திலேயே பதிந்தார். இன்று உலகம் முழுவதும் அது எவர்ஷெட் விளைவு என்று அழைக்கப்படுகிறது.

1911இல் அவர் இயக்குநரானார். 1915இல் றோயல் சங்கத்தின் உறுப்பினர், 1918இல் றோயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம். மேரி அவருக்கு உதவியாளராக மட்டும் இருக்கவில்லை. சூரியனின் தீநாக்குகளைப் பற்றி இருவரும் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு 1917இல் வெளிவந்தது. கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றி மேரி தனியாக ஒரு நூல் எழுதி, கல்யாணத்துக்கு முந்திய தன் பெயரிலேயே வெளியிட்டார்.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. 1922இல் ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க, விண்மீன் ஒளி சூரியனருகே வளைகிறதா என்று பார்க்க, கருவிகளைக் கட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவின் வல்லால் கரைக்குப் போனார். கிரகண நேரத்தில் கருவி ஒத்துழைக்கவில்லை. பயனுள்ள படம் கிடைக்கவில்லை. அதே கரையில் நின்ற அமெரிக்கக் குழு வெற்றியோடு திரும்பியது. எவர்ஷெட்டுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஓய்ந்துவிடவில்லை. ஈவ்ஹர்ஸ்ட் என்ற ஊரில் மறுபடியும் சொந்த ஆய்வுக்கூடம் கட்டி, கால் நூற்றாண்டுக்கு மேல் சூரியனையே அளந்தார். 1949இல் மேரி காலமானார். 1956இல், 92ஆவது வயதில், எவர்ஷெட் மறைந்தார்.

ஆனால் மலையில் அவர் விட்டுவந்த வேலை நிற்கவில்லை. 1850இல் சென்னைக்காக வாங்கிய ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்று கொடைக்கானலில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மேகம் விட்ட நாளெல்லாம், அதைக் கொண்டு சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு உலகப் போர் வந்தது, ஆட்சி மாறியது, இயக்குநர்கள் மாறினார்கள். தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டன. நூறாண்டைத் தாண்டிய அந்தத் தொடரை இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்போது கணினிக்கு மாற்றியிருக்கிறது. சூரியனின் நீண்டகாலப் போக்கை ஆராய்வோர் அதைத் தேடி வருகிறார்கள். ஒரு நாள் படத்துக்குத் தனியாகப் பெரிய பெறுமதி இல்லை. அடுத்த நாள் படமும் அதற்கு அடுத்ததும் இருப்பதால்தான் அது சொத்து.

இதைப் படித்தபோது எங்களுக்கு நெஞ்சு கனத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதிகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். அப்பாவின் கடைப் பேரேடுகளை எடுக்கவில்லை. முப்பது வருடத்துக் கணக்கு அது. யார் யார் கடன் வாங்கினார்கள், எந்த மாரியில் நெல் என்ன விலை, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை கற்பூரம் என்று ஓர் ஊரின் நாட்கள் முழுக்க அதில் இருந்தன. அன்று அவை பழைய காகிதமாகத் தெரிந்தன.

எரிந்ததை மீட்க எவர்ஷெட்டாலும் முடியாது. இன்றைய நாளை எழுதி வைக்க நம்மால் முடியும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமையும் க்ரீக் கரைக்குப் போனோம். அந்தத் தம்பி இருந்தார். போன கிழமை பார்த்த பெரிய புள்ளி, சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், மேற்கு விளிம்புக்குப் போய் ஒடுங்கித் தெரிந்தது. மகள் எங்கள் அலுவலகத்துப் பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் வட்டம் போட்டு, புள்ளியைக் குறித்து, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதினாள். வடிகட்டி இல்லாமல் ஒரு கணமும் சூரியனைப் பார்க்கக்கூடாது, வெயில் கண்ணாடி அதற்குப் போதாது என்பதை முதல் பக்கத்தில் எழுத வைத்தோம். மூன்றாவது வாரம் தூசிக்காற்று, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தைத் தாண்டிப் போகப் பார்த்தாள். வேண்டாம், தூசி என்று எழுதித் திகதி போடு என்றோம்.