கதிரவன் காணாத உணவு

உலகின் உணவுக்கெல்லாம் மூலதனம் கதிரவன் ஒளி என்று பள்ளியில் படித்தோம். புல்லை மான் தின்கிறது, மானைப் புலி தின்கிறது. புல்லை வளர்ப்பதோ ஒளி. இந்த விதிக்கு விலக்கு உண்டு என்று முதலில் கண்டவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

1856-இல், அன்றைய ரஷியப் பேரரசின் கீவ் நகரில் பிறந்த அவர், முதலில் பியானோ பயின்றார். அதில் மனம் நிலைக்காமல், பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியலுக்கு மாறினார். பின்னர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், தாவரவியல் அறிஞர் அன்டன் டி பாரியின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ந்தது, கந்தக ஊற்றுகளில் வெண்ணிற இழைகளாகப் படரும் பெஜியடோவா என்னும் பாக்டீரியாவை. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த நீரில் அதன் உடலில் கந்தகத் துகள்கள் நிறைந்தன. அந்த வாயு இல்லாத நீரில் அவை மறைந்தன. அழுகிய முட்டையின் நாற்றமுடைய அந்த வாயுவை ஆக்சிஜனுடன் சேர்த்து, அதில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அது வாழ்கிறது என்று 1887-இல் அவர் எழுதினார். 1890-இல் சூரிச் நகரில், அம்மோனியாவிலிருந்து ஆற்றல் பெறும் மண் பாக்டீரியாக்கள், ஒளியில்லாமலே கரியமில வாயுவைக் கொண்டு தம் உடலைக் கட்டிக்கொள்வதைக் காட்டினார். இதுவே வேதிச்சேர்க்கை.

பீட்டர்ஸ்பர்க்கில் சில காலம் பணியாற்றியபின், தம் நிலபுலங்களைப் பார்க்கச் சென்றுவிட்டார். ரஷியப் புரட்சி அந்த வாழ்வைக் கலைத்தது, நாட்டைவிட்டு வெளியேறினார். 1922-இல், 65 வயதைக் கடந்திருந்த அவரைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் அழைத்தது. பாரிஸை அடுத்த பிரி-கோம்த்-ரோபேரில் மண் நுண்ணுயிர்களை ஆராய்ந்த அவர், 1953-இல் அங்கேயே மறைந்தார்.

1977-இல் காலபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி விலங்குக் கூட்டங்கள் காணப்பட்டன. 1980-களில் மெக்ஸிகோ வளைகுடாவின் குளிர் கசிவுகளிலும் அவ்வாறே. அங்குள்ள குழாய்ப் புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அவற்றின் குருதி சல்பைடையும் ஆக்சிஜனையும் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம் சேர்க்கிறது. அவை உணவாக்கித் தருகின்றன. சில மட்டிகளின் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் மீத்தேனைப் பயன்படுத்துகின்றன. ஆக்சிஜன் மட்டும் மேலே ஒளி விழும் உலகிலிருந்து வருகிறது. கசிவுத் தரையில் வெண்கம்பளமாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் வினோகிராட்ஸ்கியின் அதே பெஜியடோவா இனம்தான்.

அந்த ஆய்வகத்துக்கும் காலபகஸுக்கும் இடையே 90 ஆண்டுகள். பொருளியல் கற்பித்த எனக்கு இந்த இடைவெளி ஒரு கணக்கை நினைவூட்டுகிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் கழிவு வைத்தால், 90 ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் ஒன்றேகால் ரூபாய். நாங்கள் மாணவர்களுக்குக் கற்றுத்தந்த இந்த அளவுகோலால் மட்டும் பார்த்தால், சேற்றுநீர் பாக்டீரியாவுக்கு எந்தக் குழுவும் நிதி ஒதுக்கியிராது.

கணக்கில் பிழையில்லை, அதை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. ஆராய்ச்சி விண்ணப்பத்தில் உடனடிப் பயன் என்ன என்று கேட்கலாம். பதில் இல்லை என்பதற்காகவே அதைத் தள்ளுபடி செய்வது முறையன்று. அடிப்படை அறிவியலுக்கெனத் தனியாக ஒரு பங்கு நிதியை ஒதுக்கி, அதை இந்தக் கணக்குக்கு வெளியே வைப்பதே அறிவுடைமை.